வெள்ளைச்சட்டையின் பாக்கி

என் வீட்டுக்காரருக்கு வியாபாரம் வரும், வசூல் வராது. சோப்புத் தூள் மூட்டையை இறக்கிவிட்டு, "காசு மெதுவா குடுங்க" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும். இந்த மனுஷர் சரக்கு விற்கப் போனாரா, தானம் செய்யப் போனாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நல்ல பெயர் வாங்குவது அவர் பொறுப்பு, காசு வாங்குவது என் பொறுப்பு.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அந்த மூக்கு இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

வசூலுக்கென்று நான் சில முறைகள் வைத்திருக்கிறேன். வாசலில் நின்று கேட்கக் கூடாது, உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். சத்தம் போடக் கூடாது. சத்தம் போட்டால் அவர்களும் போடுவார்கள், சண்டையில் காசுப் பேச்சு காணாமல் போய்விடும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டீயைக் குடித்துவிட்டால் நாம் விருந்தாளி. விருந்தாளி எந்த வாயால் காசு கேட்பாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய பாக்கி வராமல் புது மூட்டை வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். வண்டியில் இருக்கும்வரை சரக்கு நம்முடையது. இறங்கிவிட்டால் கவலை மட்டும்தான் நம்முடையது.

இந்த முறைகளையெல்லாம் மீறி எங்களிடம் பாக்கி ஏற்றி வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. சலவைக் கடைக்காரர். நான் இல்லாத நேரமாகப் பார்த்து என் வீட்டுக்காரர் அவருக்கு மூட்டை மூட்டையாக இறக்கிக் கொடுத்திருக்கிறார். எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் போவது அந்தக் கடைக்குத்தான். அவரை நாங்கள் வெள்ளைச்சட்டை என்று சொல்வோம். எந்த நேரத்தில் போனாலும், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில்தான் இருப்பார். ஆளைப் பார்த்தால் நாம்தான் அவரிடம் கடன் வாங்கியிருக்கிறோமோ என்று தோன்றும்.

போன வாரம் ஒரு நாள் விடிந்ததும் கிடங்குக்காரர் என்னைக் கூப்பிட்டு, நிலுவை வாடகை நாளைக் காலைக்குள் வராவிட்டால் எங்கள் பூட்டுக்கு மேல் தன் பூட்டைப் போட்டுவிடுவேன் என்றார். எங்கள் சரக்கு அத்தனையும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் வியாபாரமே பூட்டிய மாதிரி. வெள்ளைச்சட்டையின் பாக்கி வந்தால் வாடகையைக் கட்டிவிடலாம். வராவிட்டால் அவ்வளவுதான். அங்கிருந்து நேரே சலவைக் கடைக்குப் போனேன்.

கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். வேலைக்கிருந்த இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார். கூட நின்று இஸ்திரி போட்ட மனைவியும் இப்போது வேறெங்கோ சம்பளத்துக்குப் போகிறாள். இரண்டு மெஷின்களில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடாததன் மேல் மடித்த சட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். சுவர் அலமாரி முழுக்கத் துணி மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்திய ஒரு சீட்டு. நான் போய்க் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணீராவது குடியுங்கள் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, இன்னைக்கு உங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். நம்மகிட்ட துணி போடுற விடுதி முதலாளியைப் பாக்கப் போறேன். அவர் பெரிய மனசு பண்ணா உங்க பாக்கி மொத்தமும் தீந்துடும். கடையை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க. யாராவது வந்தா துணியை எடுத்துக் குடுங்க, சீட்டு குத்தி வச்சிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் சட்டைக் காலரை நீவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடன்காரி வந்தால் பின்வாசல் வழியாக ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்த மாதிரி போர்த்திக்கொண்டு படுக்கிற ஒருவர்கூட உண்டு. ஆனால் கடன்காரியின் கையிலேயே கல்லாவை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இது ஏமாற்றா, நம்பிக்கையா? நம்பிக்கை என்றால் எந்தத் தைரியத்தில்? என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. சரி, கடையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள், மெஷின் நின்றதும் துணியை எடுத்து உதறிவிடு, இல்லாவிட்டால் கசங்கிப் போகும் என்றார்.

நான் வசூலுக்கு வந்தேனா, வேலைக்கு வந்தேனா?

மெஷின் நின்றது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கை வராது. துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து தன் சட்டைகளைக் கேட்டார். சீட்டைப் பார்த்து மூட்டையை எடுத்தேன். எவ்வளவு என்று நான் கேட்டதும், எப்போதும் போல எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மூட்டைக்குக் கையை நீட்டினார். என் கை தானாக மூட்டையைப் பின்னால் இழுத்தது.

"எழுதறது இருக்கட்டும் சார். பழைய பாக்கியை வச்சுட்டுத் துணியை எடுத்துக்குங்க."

கண்ணாடிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் பர்ஸை எடுத்தார். எத்தனையோ மாதப் பாக்கி, முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். அதைக் கல்லாவில் போட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சுலபமான காரியத்தை இந்த வெள்ளைச்சட்டை ஏன் செய்யாமல் இருக்கிறார்? வாயைத் திறந்து கேட்டால் காசு வருகிறது. இந்த ஆளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் காது குத்தியிருப்பார்களோ என்னவோ.

அடுத்து வந்தவரும் கொடுத்தார். அதற்கடுத்து வந்த அம்மாள் கொஞ்சம் சண்டை போட்டாள், பிறகு கொடுத்தாள். எனக்குக் களை கட்டிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, கல்லாவுக்கு நேர் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

பஸ் ஓட்டுகிற ஒருவர் வந்தார். சாயங்காலம் மறுபடி வண்டியை எடுக்க வேண்டும், யூனிஃபார்ம் வேண்டும் என்றார். பாக்கி கேட்டேன். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றார். சம்பளம் வந்ததும் துணியும் வரும் என்றேன். அலமாரியில் மடித்து வைத்திருந்த தன் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். சண்டை போடாமல் போகிறாரே என்று ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வாசலில் விடுதி வேன் வந்து நின்றது.

விடுதி மேனேஜர் இறங்கி உள்ளே வந்தார். படுக்கை விரிப்பும் தலையணை உறையுமாக அவர்களுடைய மூட்டைகள் ஒரு மூலையை அடைத்துக் கிடந்தன. வெள்ளைச்சட்டை போயிருப்பது இவருடைய முதலாளியிடம்தான் என்பது எனக்குத் தெரியும். இவர்கள்தான் பெரிய பாக்கி என்பதும் மூட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அங்கே போய்க் கெஞ்சிக்கொண்டிருப்பார், நான் இங்கேயே வாங்கி வைத்துவிட்டால் மனுஷர் திரும்பி வந்து அசந்துபோவார் என்று நினைத்தேன். சத்தியமாக உதவி என்றுதான் நினைத்தேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் மேனேஜர்.

"கடையைப் பாத்துக்கறவ. பழைய பாக்கியைத் தீத்துட்டு மூட்டையை ஏத்துங்க."

இதற்கு முன்னால் இப்படி யாரும் கேட்டதில்லையே என்றார். இனிமேல் கேட்பார்கள் என்றேன். விரிப்பு இல்லாமல் அறைகள் காலியாகக் கிடக்கின்றன, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். அப்படியானால் சீக்கிரம் கொடுங்கள் என்றேன். அவர் வாசலுக்குப் போய் முதலாளிக்குப் போன் செய்தார். நிறையப் பேசவில்லை, நிறையக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார். திரும்பி வந்து கட்டாகப் பணத்தைக் கல்லா மேல் வைத்தார். முதலாளி மொத்தத்தையும் தீர்த்துவிடச் சொன்னதாகச் சொன்னார். துவைத்த மூட்டைகளை ஏற்றியபின், துவைக்காத மூட்டைகளையும் ஏற்றச் சொன்னார்.

அதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பரவாயில்லை என்றார்.

மூலை வெறுமையாகிவிட்டது. எனக்கென்னவோ, வேலை குறைந்தது நல்லதுதானே என்றே தோன்றியது.

வேன் போனபின் கல்லாவில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். எங்கள் பாக்கிக்குப் போதுமானது இருந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது. இந்தப் பணம் யாருடையது? அவருடைய கடைக்கு வந்தது, அதனால் அவருடையது. அவர் எனக்குத் தர வேண்டியது, அதனால் என்னுடையது. வசூல் செய்தது நான். உழைத்தது அவர். எடுத்துக்கொண்டு போய்விடலாமா? சொல்லாமல் எடுத்தால் திருட்டு. எடுக்காமல் போனால் நாளைக்குக் கிடங்கில் பூட்டு. என் பணத்தை நானே காவல் காத்துக்கொண்டு, இன்னொருவர் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு வசூலை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

வெயில் சாய்ந்தபோது வெள்ளைச்சட்டை வந்தார். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் பெருமையாகக் கல்லாவை இழுத்துத் திறந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அலமாரியைப் பார்த்தார்.

"பஸ்காரர் வரலையா அக்கா? யூனிஃபார்ம் இங்கேயே இருக்கே."

வந்தார், பாக்கி தரவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றேன். அவர் அந்தச் சட்டையையும் பேன்ட்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். கடன் கொடுத்தவர்களைக் கண்டு ஓடாத ஆள், கடன் வாங்கியவரைத் தேடி ஓடுகிறார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வண்டி எடுப்பதற்குள் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். நான்தான் ஆரம்பித்தேன். ஒருவர் பாக்கி வைத்திருந்தால் சரக்கைப் பிடித்து வைப்பதில் என்ன தப்பு என்று கேட்டேன்.

"அது சரக்கு இல்லையே அக்கா. அவங்க துணி. கசங்கினதைக் குடுக்குறாங்க, நேராக்கித் தர்றோம். நம்மளது அதுல ஒண்ணும் கிடையாது. காசு வராம போனாலும் போகலாம், துணியைப் பிடிச்சு வச்சான்னு பேர் வந்துட்டா இந்தத் தொழில் செய்ய முடியாது."

எனக்கு முதல்முறையாக நெஞ்சில் ஏதோ இடித்தது. விடுதியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். விடுதி முதலாளிக்கு ஊரில் இன்னும் சில விடுதிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் சலவையை இவருக்கே கொடுப்பதாகவும், பழைய பாக்கியோடு முன்பணமும் தருவதாகவும் பேச்சு. பல மாதமாக நடையாய் நடந்து பேசியது இன்றைக்குத்தான் கனிந்து வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லப்போகும் நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன். கடையில் ஒரு அம்மாள் விரிப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள் என்று. முதலாளி போனை வைத்துவிட்டு, உன் கடையில் துணியைப் பிடித்து வைக்கும் வழக்கமெல்லாம் உண்டா என்று கேட்டாராம்.

"எனக்கும் அந்தப் பொம்பளைக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சோப்புக்காரி, கடன் கேட்டு வந்து உக்காந்திருக்கான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதே."

"கடன்காரங்க வந்து கடையில உக்காந்திருக்காங்கன்னு சொன்னா யாரு அக்கா முன்பணம் தருவாங்க?" என்றார். "அதுவும் இல்லாம, கடையைப் பாத்துக்கச் சொன்னதே நான்தான். அப்புறம் உங்களை யாரோன்னு எப்படிச் சொல்றது? எங்க அக்கான்னு சொன்னேன். அவங்க செஞ்சா நான் செஞ்ச மாதிரின்னு சொல்லிட்டேன். அதோட பேச்சு முறிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மனசு லேசாகியிருக்கும். முன்னாலேயே விவரமாகச் சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா என்று அவர் மேல் பாய்ந்தேன். சொல்லியிருக்க வேண்டும்தான் என்று அதற்கும் தலையாட்டினார். தலையாட்டுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அவர் கல்லாவிலிருந்து எங்கள் பாக்கியை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் கையை நீட்டவில்லை. கொஞ்சம் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு வேண்டுமே என்று சொல்ல வாய் வரை வந்தது. கிடங்குக்காரரின் முகம் கண்ணுக்குள் வந்தது. சொல்லவில்லை. "நாளைக்கு வாடகை இருக்குல்ல அக்கா, எடுத்துக்குங்க" என்றார். அது இவருக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். வேறு யார்?

பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது அவர் கேட்டார்.

"அந்த மேனேஜர்கிட்ட என்ன சொல்லிக் கேட்டீங்க அக்கா? எத்தனை மாசம் அவர் முன்னாடி நின்னிருக்கேன். வாய் வரைக்கும் வரும், வார்த்தை வராது."

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு மூட்டையை ஏற்றுங்கள் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "முடிஞ்சா பழைய பாக்கியைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறுநாள் கிடங்குக்காரருக்கு வாடகையைக் கட்டினேன். எங்கள் பூட்டுக்கு மேல் வேறு பூட்டு விழவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனேன். வெள்ளைச்சட்டைக்கென்று தனியாக அடுக்கி வைத்த சோப்புத் தூள் மூட்டைகள் கூரை வரை நின்றன. விடுதித் துணி இல்லாமல் இதையெல்லாம் அவர் எதற்கு வாங்குவார்? அவர் வாங்காவிட்டால் அடுத்த வாடகைக்கு நான் எங்கே போவேன்? வசூல் முடிந்தது, கிடங்கும் தப்பித்தது. ஆனால் நான் ஜெயித்தேனா என்று கேட்டால் பதில் தெரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நீ கேட்டது நியாயம், அவர் சொல்வதும் நியாயம் என்றார். இந்த மனுஷரிடம் கேட்டேன் பார்.

நான் செய்தது தப்பு என்று இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசைக் கேட்டு வாங்குவது எப்படித் தப்பாகும்? ஆனால் ராத்திரியெல்லாம் 'எங்க அக்கான்னு சொன்னேன்' என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் உருவி மூட்டையாகக் கட்டினேன். நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் துவைக்கப் போடுகிறாய் என்று கேட்ட என் வீட்டுக்காரர் படுத்திருந்த விரிப்பையும் உருவினேன். ஒரு விடுதி போன இடத்தில் ஒரு வீட்டு மூட்டை. அது எந்த மூலைக்குப் போதும்? தெரிந்துதான் தூக்கிக்கொண்டு போனேன்.

வெள்ளைச்சட்டை அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். மூட்டையை வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துச் சீட்டு எழுதிக் குத்தினார். டீ சொல்லட்டுமா அக்கா என்று கேட்டார். சரி என்றேன். டீ வந்தது. குடித்தேன். குடித்து முடித்ததும் பையைத் திறந்து, எவ்வளவு ஆகும், முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நோட்டுகளைக் கல்லா மேல் வைத்தேன்.

அவர் அவற்றை எடுத்து, அடுக்கி, திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"இருக்கட்டும் அக்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேர் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கையில் பணத்தை வைத்துக்கொண்டே, சலவைக் கடைக்குப் பாக்கிக்காரியாக வீட்டுக்கு நடந்தேன்.